அடைவு ஆய்வில் என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடியப்போகும் நேரம். ஓர் அம்மா எழுந்தார். "போன மாசம் மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியில இருந்து ஆள் வந்து பரீட்சை வச்சாங்களே டீச்சர், எம் பொண்ணு எவ்வளவு எடுத்திருக்கா?"

"அந்தப் பரீட்சையில தனித்தனி மார்க்கே கிடையாதும்மா" என்றேன். அவர் நம்பவில்லை. மார்க் குறைவு, அதனால் டீச்சர் மறைக்கிறார் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் இருந்த ஓர் அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார். "மார்க்கு இல்லன்னா அப்புறம் எதுக்குப் பரீட்சை?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் குழப்பம் பெற்றோருக்கு மட்டும் உரியதில்லை. ஆசிரியர் அறையிலும் இதே குழப்பம் உண்டு. 'தமிழகம் பின்தங்கியது', 'நம் மாவட்டம் முன்னேறியது' என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே சண்டை போட்டுக்கொள்கிறோம். அதனால் பொறுமையாக அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

## மழைமானியும் நம் வயலும்

ஐப்பசி, கார்த்திகையில் 'மாவட்டத்தில் சராசரியாக 6 சென்டிமீட்டர் மழை' என்று செய்தியில் சொல்வார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது? மாவட்டத்தில் ஆங்காங்கே மழைமானி வைத்திருக்கிறார்கள். காலையில் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். உங்கள் வயல் நனைந்ததா என்று அந்த எண் சொல்லாது. அதை நீங்கள் வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் அணையை எப்போது திறப்பது, எந்தப் பக்கம் வறட்சி நிவாரணம் தேவை என்று முடிவெடுக்க அந்த எண் இல்லாமல் முடியாது.

அடைவு ஆய்வு அந்த மழைமானி மாதிரிதான். ஒரு வகுப்பில் இருக்கும் குழந்தை அந்த வகுப்புக்குள் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவற்றில் எதுவரை எட்டியிருக்கிறது என்பதுதான் 'அடைவு'. ஒரு மாவட்டத்தின், ஒரு மாநிலத்தின் குழந்தைகள் மொத்தமாக எதுவரை எட்டியிருக்கிறார்கள் என்று அளப்பது 'அடைவு ஆய்வு'.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இதற்கு நேர் எதிரானது. அதில் பெயர் உண்டு, பதிவெண் உண்டு, சான்றிதழ் உண்டு, அந்தப் பிள்ளை அடுத்து எங்கே படிக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. அடைவு ஆய்வில் குழந்தை தேறுவதும் இல்லை, தவறுவதும் இல்லை. தேர்வு எழுதுவது குழந்தை, அளக்கப்படுவது நம் கல்வித் துறையின் வேலை.

நம் நாட்டில் இதைத் தேசிய அளவில் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 2001 முதல் செய்து வருகிறது. அதன் பெயர் தேசிய அடைவு ஆய்வு, ஆசிரியர்கள் வாயில் ஆங்கிலச் சுருக்கமாக 'நாஸ்'. கடைசியாக நடந்த பெரிய நாஸ் ஆய்வுகள் 2017 நவம்பர் 13ஆம் தேதியும் 2021 நவம்பர் 12ஆம் தேதியும் நடந்தன. பிறகு இந்த வேலைக்கென்றே 'பரக்' என்ற அமைப்பை 2023இல் தொடங்கினார்கள். அது 2024 டிசம்பர் 4ஆம் தேதி 3, 6, 9ஆம் வகுப்புகளில் நாடு முழுக்க ஆய்வு நடத்தியது. 781 மாவட்டங்கள், 74,229 பள்ளிகள், ஏறக்குறைய 21 லட்சம் குழந்தைகள். மாநிலங்கள் தனியாக நடத்துவதும் உண்டு. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடந்த 'ஸ்லாஸ்' அப்படிப்பட்டது.

## ஒரு சோறு பதம், ஆனால் கிளறிய பிறகு

'பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதை நாம் எல்லாரும் சொல்கிறோம். இந்த ஆய்வுகளின் அடிப்படையும் அதுதான். எல்லாக் குழந்தைகளையும் சோதிக்காமல் சிலரை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்படி எடுக்கும் சிறு பகுதிக்கு 'மாதிரி' என்று பெயர்.

சமைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கிளறாமல் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் ஏமாந்து போவோம். அடியில் குழைந்திருக்கும், மேலே அரிசி அரிசியாக நிற்கும். ஆய்வில் கிளறுவது என்றால் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது. மலைமேல் இருக்கும் ஓராசிரியர் பள்ளிக்கும், நகரத்தின் பெரிய நடுநிலைப் பள்ளிக்கும், உதவிபெறும் பள்ளிக்கும், தனியார் பள்ளிக்கும் அந்தக் குலுக்கலில் இடம் இருக்க வேண்டும். எந்தப் பள்ளி என்பதைத் தலைமையாசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலரோ தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளிக்குள்ளும் அப்படித்தான். வகுப்பில் பிள்ளைகள் அதிகம் இருந்தால் குலுக்கலில் 30 பேரை எடுப்பார்கள். நன்றாகப் படிக்கும் 30 பேரை முன்வரிசையில் உட்கார வைத்தால் அது கிளறாத பானை.

இன்னொரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். இத்தனை கோடிக் குழந்தைகள் இருக்கும் நாட்டில் சில லட்சம் பேரை வைத்து எப்படிச் சொல்ல முடியும்? கல்யாண வீட்டு அண்டா சாம்பாரில் உப்புச் சரியா என்று பார்க்கவும் ஒரு கரண்டிதான், வீட்டுச் சட்டியில் பார்க்கவும் ஒரு கரண்டிதான். அண்டா பெரிதாக இருக்கிறதே என்று யாரும் ஒரு குடம் சாம்பாரைக் குடித்துப் பார்ப்பதில்லை. நன்றாகக் கலக்கியிருந்தால் கரண்டியின் அளவு போதும்.

2021 நாஸ் கணக்கைப் பாருங்கள். 720 மாவட்டங்களில் 34 லட்சம் குழந்தைகள். வகுத்தால் ஒரு மாவட்டத்துக்கு ஏறக்குறைய 4,700 பேர். அது 3, 5, 8, 10 என்று நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து. ஒரு வகுப்புக்குச் சுமார் 1,200 பேர். ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்ல இது நல்ல கரண்டி. ஆனால் இதே கரண்டியை வைத்து ஒரு பள்ளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மூன்றாம் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியின் சராசரியே மாறிவிடும். ஆகவேதான் நாஸ் அறிக்கை நாட்டுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று நின்றுவிடுகிறது. அந்த அம்மாவின் பெண்ணுக்கு மார்க் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவள் அந்த 1,200 பேரில் ஒரு பருக்கை.

## அந்தக் காலையில் வகுப்பறையில்

ஆய்வு நாளன்று பள்ளிக்கு வருபவர் 'கள ஆய்வாளர்'. பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களை இதற்கு அனுப்புவார்கள். அவருக்கு மேல் ஒரு பார்வையாளர். வினாத்தாள் கட்டு முத்திரையோடு வரும், அன்று காலையில்தான் பிரிப்பார்கள். வகுப்பாசிரியர் உள்ளே இருக்கக் கூடாது.

2021இல் மூன்றாம் வகுப்புக்கு 47 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். எட்டு வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காருவதே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அதோடு பிள்ளை, ஆசிரியர், பள்ளி என மூன்று தரப்புக்கும் தனித்தனி வினாப்பட்டியல் உண்டு. வீட்டில் பேசும் மொழி எது, பள்ளிக்கு எப்படி வருகிறாய், ஆசிரியருக்குப் பயிற்சி கிடைத்ததா என்பது போன்ற கேள்விகள். இவை மதிப்பெண்ணுக்கு இல்லை. எங்கே, எதனால் தடங்கல் என்று பின்னால் பொருத்திப் பார்ப்பதற்கு.

முடிந்ததும் வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நகல்கூட நமக்குக் கிடைக்காது. முதல் தடவை எனக்கு இது கோபமாகத்தான் இருந்தது. என் பிள்ளைகள் எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? காரணம் அப்புறம்தான் புரிந்தது. அடுத்த பகுதியில் அது வருகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். அடைவு ஆய்வு தனிப் பிள்ளைக்கான பரீட்சை இல்லை. குலுக்கலில் எடுத்த சிலரை வைத்து மாவட்டத்தின் நிலையைச் சொல்கிறது. குலுக்கல் நேர்மையாக இருந்தால் சிறிய மாதிரியே போதும், ஆனால் அதை வைத்துப் பள்ளியை எடைபோட முடியாது.

## 323 என்றால் 65 சதவீதமா?

2022 மே மாதம் நாஸ் முடிவுகள் வெளிவந்தபோது, மூன்றாம் வகுப்பு மொழிப்பாடத்தில் நாட்டின் சராசரி 500க்கு 323 என்று போட்டிருந்தார்கள். படித்தவர்கள் எல்லாரும் உடனே மனக்கணக்குப் போட்டார்கள்: '65 சதவீதம், பரவாயில்லையே.' இது தவறான கணக்கு. இந்த விஷயத்தில் அதிகம் தடுக்கிவிழும் இடமும் இதுதான்.

பொங்கல் விளையாட்டில் வழுக்கு மரம் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். 'எங்கள் ஊரில் பத்துப் பேரில் ஏழு பேர் உச்சியைத் தொட்டார்கள்' என்கிறார் ஒருவர். 'எங்கள் ஊரில் நாலு பேர்தான்' என்கிறார் இன்னொருவர். எந்த ஊர்ப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்? மரத்தின் உயரம் தெரியாமல் சொல்ல முடியாது. சதவீதம் என்பது 'எத்தனை பேர் தொட்டார்கள்' என்பதை மட்டும் சொல்கிறது. மரத்தின் உயரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம் என்பதை முதலில் கணக்கிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விடைகளைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பிறகு எளிய கேள்விக்கு இவ்வளவு, கடினமான கேள்விக்கு இவ்வளவு என்று பார்த்து ஒரு பொது அளவில் குழந்தைகளின் நிலையைக் குறிக்கிறார்கள். அப்படி வரும் எண்ணுக்கு 'அளவுகோல் மதிப்பெண்' என்று பெயர். 323 என்பது அப்படிப்பட்ட ஓர் எண். உடம்பு வெப்பம் 98.6 டிகிரி என்றால் அது 98.6 சதவீதம் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, அதைப் போல.

சரி, 2017இல் கேட்ட கேள்விகள் வேறு, 2021இல் கேட்ட கேள்விகள் வேறு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டு கடைகளின் தராசும் ஒரே மாதிரி நிறுக்கிறதா என்று தெரிந்துகொள்ள என்ன செய்வோம்? ஒரே எடைக்கல்லை இரண்டிலும் வைத்துப் பார்ப்போம். அதேபோலச் சில கேள்விகளை மட்டும் மாற்றாமல் இரண்டு ஆய்வுகளிலும் வைக்கிறார்கள். இவை 'நங்கூர வினாக்கள்'. இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் நிலைத்து நிற்பதால் இந்தப் பெயர். இந்த எடைக்கல் வெளியே போய்விட்டால், எல்லாரும் அந்தக் கேள்விக்கு மட்டும் விடையை மனப்பாடம் செய்துவிட்டால், இரண்டு தராசையும் ஒப்பிட வழியே இல்லை. வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

அப்படி ஒப்பிட்டதில் தெரிந்தது இது. மூன்றாம் வகுப்பு மொழி 2017இல் 336, 2021இல் 323. மூன்றாம் வகுப்புக் கணக்கு 321இலிருந்து 306க்கு இறங்கியது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு 310இலிருந்து 284க்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு 269இலிருந்து 255க்கு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாதிரியை வைத்துச் சொல்லும் எந்த எண்ணுக்கும் இருபக்கமும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. வேறு 30 பேர் குலுக்கலில் வந்திருந்தால் எண் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ இருக்கும். இந்த ஆட்டத்துக்குப் 'பிழை வரம்பு' என்று பெயர். ஒரு மாநிலம் 302, பக்கத்து மாநிலம் 300 என்றால் முதல் மாநிலம் முந்திவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இந்த இரண்டு புள்ளியில் 14ஆம் இடம், 19ஆம் இடம் என்று பட்டியல் போடுவதும், அதை வைத்து அதிகாரிகள் கூட்டத்தில் ஒரு மாவட்டத்தை எழுந்து நிற்கச் சொல்வதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

## நவம்பர் 1, நவம்பர் 12

எண் சரியாகவே இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் நாட்காட்டியைப் பார்க்காமல் படிக்கக் கூடாது. 2021 நாஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்புவரை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஆய்வு நடந்தது நவம்பர் 12. நடுவில் தீபாவளி வேறு. அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த குழந்தையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது கடைசியாக வகுப்பறையைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில், அதையும் முழுதாக முடிக்கவில்லை. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கையில் 47 கேள்விகள்.

அந்த ஆய்வில் தமிழ்நாட்டின் தொடக்க வகுப்புகள் தேசிய சராசரிக்குக் கீழே இருந்தன. 'அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சரியில்லை' என்று அதைப் படித்தவர்கள் உண்டு. 'ஆய்வே பொய்' என்று தள்ளியவர்களும் உண்டு. என் பார்வையில் இரண்டு பேருமே மழைமானியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் சொன்னது ஒரு பெரிய இழப்பின் அளவு. மற்ற மாநிலங்களிலும் பள்ளிகள் மூடித்தான் இருந்தன, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு காலம் இல்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாநிலங்களை ஒப்பிடுவதில் பொருள் இருக்கும். அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், 2022 ஜூனில், தமிழக அரசு ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. கொரோனா கால இடைவெளியை நிரப்புவதுதான் அதன் நோக்கம்.

இதில் காலக் கணக்கும் இருக்கிறது. நவம்பரில் எழுதிய தேர்வின் முடிவு மே மாதத்தில் வந்தது. 2024 டிசம்பர் ஆய்வின் முடிவு 2025 ஜூலையில் வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் வகுப்பு மாறிவிட்டார்கள். தேர்வு எழுதிய குழந்தைக்கு உதவ இந்த அறிக்கை வராது. பின்னால் வரும் குழந்தைகளுக்குத்தான்.

## மழைமானியில் குடத்து நீரை ஊற்றினால்

மழைமானி நிறைந்தால் பாராட்டு, காலியாக இருந்தால் திட்டு என்று ஒரு விதி போட்டால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அதில் ஊற்றுவார். எண் ஏறிவிடும், ஏரி நிறையாது.

அமெரிக்காவில் நடந்தது இதுதான். அங்கே முறை வேறு. 2002 ஜனவரியில் கையெழுத்தான ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்படி (2015இல் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்த பிறகும் இந்த விதி தொடர்கிறது), ஒவ்வொரு மாநிலமும் தன் அரசுப் பள்ளிகளில் 3 முதல் 8ஆம் வகுப்புவரை எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் சோதிக்க வேண்டும். உயர்நிலையில் ஒரு தடவை. மாதிரி எடுப்பது இல்லை, எல்லாரும். ஆகவே அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை உண்டு. ஏழைக் குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள் என்று தனித்தனியாகவும் முடிவை வெளியிட வேண்டும். சராசரிக்குள் யாரும் மறைந்துபோகக் கூடாது என்பது அதில் இருக்கும் நல்ல எண்ணம். அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பேன். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை அன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, 95 சதவீதம் பேராவது எழுதியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

ஆனால் எண் ஏறாத பள்ளிக்குத் தண்டனை என்றும் அந்த 2002 சட்டம் சொன்னது. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில், 2009 தேர்வில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடையை அழித்துவிட்டுச் சரியான விடையைக் குறித்தார்கள். அழித்து எழுதிய தடயங்கள் அளவுக்கு மீறி இருந்ததால் சந்தேகம் வந்தது. 2011இல் மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளையும் 178 கல்வியாளர்களையும் குறிப்பிட்டது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

இந்தியாவிலும் இது தெரிந்த விஷயம்தான். மத்தியப் பிரதேச அரசுப் பள்ளிகளில் 'பிரதிபா பர்வ்' என்று எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு மாநிலத் தேர்வு நடந்தது. பொருளியல் ஆய்வாளர் அபிஜீத் சிங் அதே கேள்விகளை அந்தக் குழந்தைகளிடம் வெளியாட்களைக் கொண்டு மறுபடி கேட்டுப் பார்த்தார். அரசுப் பதிவில் இருந்ததைவிடக் குழந்தைகளின் உண்மை நிலை மிகவும் கீழே இருந்தது. பின்னர் ஆந்திரப் பிரதேசத்தில், தாளுக்குப் பதிலாக டேப்லெட்டில் தேர்வு வைத்துப் பார்த்தபோது மதிப்பெண் இப்படி உப்பிப்போவது வெகுவாகக் குறைந்தது.

நம் பள்ளிகளில் ஆய்வுக்கு முன்னால் பயிற்சித்தாள் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. ஓ.எம்.ஆர். தாளைப் பார்த்தே இராத பிள்ளை, விடை தெரிந்தும் வட்டத்தைத் தவறாக நிரப்பும். அப்போது நாம் அளப்பது அதன் கணக்கறிவை இல்லை, வட்டம் நிரப்பும் திறமையை. இரண்டு நாள் பழக்கினால் போதும். ஆனால் ஒரு மாதம் மற்ற பாடத்தையெல்லாம் நிறுத்திவிட்டு மாதிரி வினாத்தாளாகவே போட்டுத் தீட்டுவது குடத்து நீர்தான். அதனால் கெடுவது எண் மட்டும் இல்லை. அந்த ஒரு மாதம் பிள்ளை கதை கேட்கவில்லை, படம் வரையவில்லை, வாய்ப்பாட்டைத் தட்டுத் தடுமாறியாவது தானாகச் சொல்லிப் பார்க்கவில்லை.

## இரண்டு அறிக்கைகள் இரண்டு விதமாகச் சொன்னால்

'ஏசர்' என்று இன்னோர் ஆய்வு இருக்கிறது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கியது. நாஸ் ஒன்று சொல்லும், ஏசர் இன்னொன்று சொல்லும். உடனே ஏதோ ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இரண்டும் வேறு வேறு பாத்திரங்கள். நாஸ் பள்ளிக்குப் போகிறது, ஏசர் வீட்டுக்குப் போகிறது. ஆகவே அன்று பள்ளிக்கு வராத பிள்ளையும், பள்ளியை விட்டே நின்ற பிள்ளையும் ஏசர் கணக்கில் வருவார்கள். ஏசர் கிராமப்புறங்களில் மட்டும் நடக்கிறது. நாஸ் அந்தந்த வகுப்புப் பாடத்தைத் தாளில் கேட்கிறது. ஏசர் ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாக உட்கார்ந்து, எழுத்து, சொல், எளிய பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறுகதை என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்துவிட அங்கே வழியில்லை.

வெளிநாட்டுத் தராசில் ஏறிப் பார்த்ததும் உண்டு. பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் 'பீசா' தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் வந்த முடிவில் இரண்டும் பட்டியலின் கடைசி இடங்களை ஒட்டி இருந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்ற பேச்சு எழுந்தது. அதற்கடுத்த சுற்றுகளில் இந்தியா சேரவே இல்லை. இமாச்சலமும் நாமும் துணிந்து ஏறினோம் என்பதில் எனக்குப் பெருமைதான். எடை பிடிக்கவில்லை என்று தராசைவிட்டே இறங்கியதில்தான் வருத்தம்.

இதையும் சேர்த்துக்கொள்வோம். அளவுகோல் மதிப்பெண் சதவீதம் இல்லை. ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம் வித்தியாசமே இல்லை. எப்போது, யாரை, எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடக் கூடாது. எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் கட்டினால் எண் கெட்டுவிடும்.

## அறிக்கை கையில் கிடைத்தால் எங்கே பார்ப்பது

நாஸ் மாவட்ட அறிக்கைகள் பொதுவெளியில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். எல்லாரும் முதல் பக்கத்துச் சராசரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் சொல்வது, உள்ளே போங்கள். கற்றல் விளைவு வாரியாக ஒரு பட்டியல் இருக்கும். 'கற்றல் விளைவு' என்றால், இந்த வகுப்பை முடிக்கும் குழந்தை இதைச் செய்ய வேண்டும் என்று பாடத்திட்டம் குறிப்பிடும் ஒரு சிறு திறன். அதை எத்தனை சதவீதம் பேர் செய்தார்கள் என்று அங்கே போட்டிருக்கும். இங்கே இருப்பது நேரான சதவீதம், குழப்பம் இல்லை.

2024 ஆய்வில் வந்த ஒன்றைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 55 சதவீதம் பேர்தான் 99வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கினார்கள். ஆறாம் வகுப்பில் 53 சதவீதம் பேருக்குத்தான் 10வரையான வாய்ப்பாடு வந்தது. இவை முழு நாட்டுக்கான எண்கள். 323ஐ வைத்து ஓர் ஆசிரியர் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் '47, 74, 40 இதில் எது பெரிது' என்பதில் பாதிப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தால், திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். எண் அட்டையையும் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். இடமதிப்பு அங்கேதான் பிடிபடும். வட்டார வள மையக் கூட்டத்தில் தரவரிசையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்தப் பட்டியலுக்குக் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

## அந்த அம்மாவின் கேள்விக்கு

மாவட்ட அறிக்கை அவருடைய பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் அவர் கேட்டது நியாயம், பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு வெளியாள் வரத் தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் அவரிடம் இப்படிச் சொன்னேன்.

"போன வருசத்துத் தமிழ்ப் புத்தகம், ரெண்டாம் வகுப்பு, வீட்டுல இருக்கும்ல? அவ மனப்பாடமா வச்சிருக்கிற பாட்டு வேண்டாம். நடுவுல ஒரு கதையைத் திறந்து, ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்க. விரல் வச்சு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா, தொடர்ந்து படிக்கிறாளான்னு மட்டும் பாருங்க. முடிச்சதும் என்ன நடந்துச்சுன்னு அவ வாயால சொல்லச் சொல்லுங்க. அப்புறம் 63ல இருந்து 28 கழிக்கச் சொல்லுங்க, கடன் வாங்குற கணக்கு. பத்து நிமிசம் போதும். திட்டாதீங்க. எங்க நின்னாளோ அதை மட்டும் நாளைக்கு என்கிட்ட சொல்லுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர், அவ தப்பாப் படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"அவ படிக்கிறப்ப உங்களுக்குக் கதை புரியுதா பாருங்கம்மா. புரிஞ்சா அவ சரியாத்தான் படிக்கிறா."

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டார். கதை முழுக்கப் புரிந்ததாம், காக்காய் கடைசியில் என்ன செய்தது என்பதுவரை எனக்கும் ஒரு தடவை சொன்னார். கழித்தல் கணக்கில்தான் மூன்றிலிருந்து எட்டை எடுக்க முடியாமல் நின்றுவிட்டாளாம். அன்று முதல் பாடவேளையில் குச்சிக் கட்டுகளை எடுத்தேன்.